2001 ராம் 2500, 5.9 கம்மின்ஸ்: எந்த கேஜ் முதலில்? ஓபிடி மானிட்டர் மட்டும் போதுமா?

பீடபூமி
வணக்கம். வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500, 5.9 லிட்டர் 24 வால்வு கம்மின்ஸ், விபி44 இன்ஜெக்ஷன் பம்ப், 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சக்தியைக் கூட்டும் டியூனர், சிப் எதுவும் இல்லை. 9,000 பவுண்டு டிரெய்லரை டாலஸிலிருந்து அமரில்லோ, ராட்டன் வழியாக டென்வர் இழுக்க வேண்டும். ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூணில்) மூன்று கேஜ் (முள் மீட்டர்) பிடிக்கும் பாட் (கூடு) கிடைக்கிறது. அதற்குப் பதிலாக ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியைப் படிக்கும் பிளக்கில்) செருகும் மானிட்டர் ஒன்று வாங்கினாலே எல்லாம் திரையில் வந்துவிடும், துளையே போட வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். எது சரி? மூன்றுதான் முடியும் என்றால் எந்த மூன்று?

இரும்புத்தடம்
மானிட்டர் தானாக எதையும் அளக்காது. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சென்சார் கணினிக்குச் சொல்வதை வாங்கித் திரையில் காட்டும், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் எரிபொருள் அழுத்தத்துக்குச் சென்சார் கிடையாது. எக்ஸாஸ்ட் வெப்பத்துக்கும் கிடையாது. இந்த இஞ்சினைச் சாகடிப்பவை அந்த இரண்டும்தான். எத்தனை டாலர் மானிட்டர் வாங்கினாலும் இல்லாத சென்சாரைப் படிக்க முடியாது. ஆகவே உங்களுக்கு கேஜ்தான்: எரிபொருள் அழுத்தம், எக்ஸாஸ்ட் வெப்பம், டிரான்ஸ்மிஷன் வெப்பம். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) நல்லதுதான், ஆனால் மூன்றே இடம் என்றால் அது நான்காவது.

முதலில் எரிபொருள் அழுத்தம். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு இஞ்சின்களில் விபி44 பம்ப் தன் வழியாக ஓடும் டீசலையே மசகாகவும் குளிர்விப்பாகவும் நம்பி இருக்கிறது. பம்பின் தலையில் உட்காரும் எலக்ட்ரானிக்ஸ் சூடும் அந்த டீசலோடுதான் வெளியேற வேண்டும். டீசலை அனுப்பும் லிஃப்ட் பம்போ இஞ்சின் பிளாக்கிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோனி. பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து இழுத்து இழுத்தே ஓய்ந்துவிடும். அது ஓய்ந்தாலும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் விபி44 தானே இழுத்துக்கொள்ளும். டாஷில் ஒரு விளக்கும் எரியாது. கடைசியில் பி0216 என்ற பிழைக் கோடு வரும்போது இன்ஜெக்ஷன் பம்ப் போயிருக்கும். லிஃப்ட் பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு.

எண்கள் இவை: ஐடிலில் 13 முதல் 15 பிஎஸ்ஐ நல்லது. பாரத்தோடு முழு பெடலில் 10-க்குக் கீழே போகக் கூடாது. 5 என்று காட்டினால் அன்றைக்கே இழுவையை நிறுத்துங்கள்.

கேஜ் அளவு 0 முதல் 30 பிஎஸ்ஐ வாங்குங்கள். 0–15 வாங்கினால் பிறகு நல்ல பம்ப் போட்டதும் முள் முட்டி நிற்கும். 0–100 வாங்கினால் 14-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எடுக்க வேண்டிய இடம் ஃபில்டருக்குப் பிறகு, விபி44-க்குள் போகும் இடத்தில். அங்கே இருக்கும் பாஞ்சோ போல்ட்டை (டீசல் ஓடத் துளையுள்ள போல்ட்டை) கழற்றி, தலையில் 1/8 அங்குல என்பிடி மரை (அமெரிக்கக் குழாய் மரை) வெட்டிய பாஞ்சோ போல்ட்டைப் போடலாம். வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழையதை மறுபடி போட்டால் காற்று இழுக்கும், அந்தக் காற்றுக்குமிழியே புதுத் தொல்லை ஆகிவிடும்.

சென்டரை (அளந்து கேஜுக்கு அனுப்பும் சென்சாரை) அந்த போல்ட்டில் நேரடியாகத் திருகாதீர்கள். விபி44 ஒவ்வொரு முறை டீசலை வெட்டும்போதும் குழாயில் ஓர் அழுத்த அதிர்வு திரும்பி வரும். அந்த அதிர்வில் சென்டர் சில வாரங்களிலேயே செத்துப்போகும். முதலில் ஓர் ஊசி வால்வு, அதன் பிறகு இரண்டு அடி நீளத்துக்கு கிரீஸ் கன் ஹோஸ், அதன் முனையில் சென்டர், ஃபயர்வால் அருகே கிளாம்ப். இஞ்சினை ஓடவிட்டு வால்வை முழுக்க மூடி, முள் அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும் மெல்லத் திறக்க வேண்டும். முள் நடுங்கினால் அதிகம் திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேபினுக்குள் டீசல் குழாய் வரும் மெக்கானிக்கல் கேஜ் வேண்டவே வேண்டாம். குழாய் வெடித்தால் டீசல் உங்கள் மடியில். மெக்கானிக்கல்தான் என்றால் இடையில் ஐசொலேட்டர் (டீசலை வெளியிலேயே தடுத்து அழுத்தத்தை மட்டும் கடத்துவது) கட்டாயம்.

ஆறுலிட்டர்
இரும்புத்தடம் சொல்வது கம்மின்ஸுக்குச் சரி. இந்த இழையைப் படிக்கும் ஃபோர்டுகாரர்களுக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003–2007 எஃப்-250, எஃப்-350-ல் வந்த 6.0 பவர் ஸ்ட்ரோக் டீசல் இஞ்சினுக்கு முதல் செலவு மானிட்டர்தான். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குச் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது, டாஷ்தான் மறைக்கிறது. டாஷில் உள்ள கூலன்ட் முள் ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும். ஆயில் பிரஷர் முள்ளுக்குப் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நடுவுக்கு வந்துவிடும்.

6.0-ல் திரையில் முதலிடம் இரண்டு எண்களுக்கு: இஞ்சின் ஆயில் வெப்பம், கூலன்ட் வெப்பம். இஞ்சின் முழுக்கச் சூடான பிறகு, சமதளத்தில், டிரெய்லர் இல்லாமல், 60–65 மைல் வேகத்தில் நிலையாகப் போகும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் ஆயில் கூலரின் கூலன்ட் வழி அடைபடுகிறது. ஈஜிஆர் கூலருக்கு (இஞ்சினுக்குள் திரும்பும் எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது) கூலன்ட் இந்த ஆயில் கூலர் வழியாகத்தான் போகிறது. இது அடைபட்டால் அது வறண்டு விரிசல் விடும், கூலன்ட் உள்ளே போகும், அடுத்தது ஹெட் கேஸ்கெட். ஏற்றத்தில் இழுக்கும்போது 20 காட்டியது என்று பதறி வருகிறவர்கள் நிறைய. அந்த அளவீடு செல்லாது. சமதளத்தில் எடுத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது எஃப்ஐசிஎம் (இன்ஜெக்டர்களை இயக்கும் மின்பெட்டி) வோல்டேஜ். 48 இருக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் சாவி போட்டதும் ஒரு முறை, கிராங்க் ஆகும்போது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை பாருங்கள். 45-க்குக் கீழே போனால் இன்ஜெக்டர்கள் அடிவாங்கும். எஃப்ஐசிஎம்-ஐ மாற்றும் முன் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகக் கழற்றி லோடு டெஸ்ட் செய்யுங்கள். பெரும்பாலும் நோய் அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஆனால் 6.0-லும் எரிபொருள் அழுத்தத்துக்குச் சென்சார் இல்லை. 45 பிஎஸ்ஐ-க்குக் கீழே போகக் கூடாத அந்த ஒன்றுக்கு மட்டும் அசல் கேஜ் வேண்டும்.

பீடபூமி
இரண்டு பேருக்கும் நன்றி. எக்ஸாஸ்ட் கேஜுக்கு மேனிஃபோல்டில் துளை போட பயமாக இருக்கிறது, துகள் டர்போவுக்குள் போய்விட்டால்? டர்போவுக்குப் பிறகு உள்ள குழாயில் போட்டால் ஆகாதா?

இரும்புத்தடம்
டர்போவுக்குப் பின்னால் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது டர்போ சக்தியை உறிஞ்சிய பிறகு மிச்சமுள்ள வெப்பம். சும்மா ஓடும்போது முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். பாரம் ஏறி பூஸ்ட் ஏற ஏற இடைவெளி 200, 300 டிகிரி ஃபாரன்ஹீட் என்று விரியும். அதாவது எந்த நேரத்தில் சரியான எண் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது அதிகமாக ஏமாற்றும். மனதுக்குள் 300 கூட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த 300 நிலையான எண் இல்லை. மேனிஃபோல்டில்தான் போட வேண்டும்.

பயப்பட வேண்டிய அளவு வேலையும் இல்லை. 5.9 மேனிஃபோல்டு இரண்டு அறையாகப் பிரிந்தது, முன் மூன்று சிலிண்டர் ஒன்றில், பின் மூன்று மற்றொன்றில். பின் மூன்று சற்றே சூடாக ஓடுவதால் அந்தப் பக்கம், டர்போ ஃபிளான்ஜுக்கு அருகே, மூன்றும் கலக்கும் இடத்தில் போடுங்கள். டர்போவைக் கழற்றிவிட்டுச் செய்வதுதான் உத்தமம். கழற்றாமலும் செய்யலாம், இப்படி:

சென்டர் பஞ்சால் (குறிப்பள்ளம் போடும் உளியால்) அடித்து 1/8 அங்குல பிட்டால் வழித்துளை. பிறகு படிப்படியாக 11/32 வரை (1/8 என்பிடி பொருத்தி என்றால்; 1/4 என்பிடி என்றால் 7/16). பிட்டின் பள்ளத்தில் கிரீஸை நிறைத்து, மெதுவான வேகத்தில், சில சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ். வார்ப்பிரும்பு சுருளாக வராது, கரும்பொடியாகத்தான் வரும், கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். பிட் உள்பக்கம் உடைத்துக்கொண்டு போகும் அந்தக் கடைசிச் சுற்றில் கையை அழுத்தாதீர்கள், பெரிய துகள் விழுவது அப்போதுதான். டேப் (மரை வெட்டும் கருவி) போடும்போதும் அதே முறை: அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று பின்னே, வெளியே எடு, துடை. என்பிடி கூம்பு மரை. டேப்பை முழுக்க இறக்கினால் பொருத்தி ஆடும். கையால் திருகும்போது மூன்று நான்கு சுற்றில் இறுகும்படி அடிக்கடி போட்டுப் பாருங்கள். முடிந்ததும் மெல்லிய காந்தக் குச்சியை உள்ளே விட்டு நாலாபக்கமும் துழாவுங்கள். பிறகு துளையைத் திறந்தே வைத்து, எதிரே யாரும் நிற்காமல், இஞ்சினைச் சில விநாடி ஸ்டார்ட் செய்தால் மிச்சப்பொடியை எக்ஸாஸ்டே ஊதித் தள்ளிவிடும்.

வெப்பம் அளக்கும் புரோபின் நுனி வாயு ஓடும் வழியின் நடுவில் நிற்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் குறைத்துக் காட்டும். மரையில் ஆன்டி சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மேனிஃபோல்டோடு சேர்ந்துதான் வரும்.

டர்போவுக்கு முன் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடர்ச்சியாகத் தாண்டவிடாதீர்கள். அலுமினியம் 1,220-லேயே உருகும். அப்படியானால் 1,250-ல் பிஸ்டன் எப்படித் தாங்குகிறது? அடியில் ஆயில் பீய்ச்சுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் குளிர்காற்று உள்ளே வருகிறது. ஒரு லாரியை முந்தும் பத்து விநாடிக்கு 1,300 போனால் உலோகம் அந்த அளவுக்குச் சூடாகாது. அதே 1,300-ல் ராட்டன் ஏற்றம் முழுக்க, 7,834 அடி உயரம் வரை, பல நிமிடம் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டன் விளிம்பு இளகத் தொடங்கும். டீசலில் கணக்கு பெட்ரோலுக்கு நேர்மாறு: எரிபொருள் கூடினால் சூடு, காற்று கூடினால் குளிர்ச்சி. உயரத்தில் காற்று மெலிவதால் டாலஸில் 1,100 காட்டிய அதே பெடல் அங்கே 1,250 காட்டும். முள் ஏறும்போது கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை ஏற்றுங்கள், பெடலைக் கொஞ்சம் விடுங்கள். இரண்டே மூச்சில் முள் இறங்குவதைப் பார்க்கலாம். நிறுத்தும்போதும் முள் 350-க்குக் கீழே வந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். கொதிக்கும் டர்போவில் ஆயில் நின்றுபோனால் பேரிங்கில் கரியாகிவிடும்.

மின்கம்பி
அந்தப் புரோப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அது கே வகை தெர்மோகப்பிள் (சூட்டுக்கேற்பச் சிறு மின்னழுத்தம் தரும் இரு உலோகக் கம்பி). ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தரும். அதன் வயர் எட்டவில்லை என்று சாதாரண காப்பர் வயரை ஒட்டு போட்டு நீட்டாதீர்கள். ஒட்டு போட்ட இடமே இன்னொரு தெர்மோகப்பிள் மாதிரி நடந்துகொள்ளும். பானட்டுக்குள் ஒட்டு 180 டிகிரி ஃபாரன்ஹீட், கேபினுக்குள் கேஜ் முனை 80 என்றால் கேஜ் 100 டிகிரி குறைத்துக் காட்டும். கூட்டிக் காட்டினாலாவது எச்சரிக்கையாக இருப்போம். குறைத்துக் காட்டினால் 1,250 என்று நினைத்து 1,350-ல் ஓட்டிக்கொண்டிருப்போம். கே வகை எக்ஸ்டென்ஷன் வயரையே வாங்குங்கள். மிச்சமானால் வெட்டலாம், அல்லது சுருட்டிக் கட்டலாம். நீட்டத்தான் கூடாது.

அமெரிக்க வண்ண முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். காரில் சிவப்பு என்றாலே பிளஸ் என்று பழகிய கை இதைத் தலைகீழாக மாட்டிவிடும். மாற்றி மாட்டினால் இஞ்சின் சூடாகச் சூடாக முள் கீழே போகும். வண்ணம் அழிந்துபோயிருந்தால் ஒரு காந்தத்தை இரண்டு கம்பியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டுவது மைனஸ்.

டிரான்ஸ்மிஷன், ஆயில் சென்டர்கள் ஒற்றை வயராக இருந்தால் எர்த் அவற்றின் மரை வழியாகத்தான் போகிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கினால் எர்த் பலவீனமாகி எண் தாறுமாறாக ஓடும். திரவ சீலன்ட் கொஞ்சம், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. எரிபொருள் பக்கமும் டேப் ஆகாது, அங்கே காரணம் வேறு: பிய்ந்த இழை ஒன்று உள்ளே போனால் நேரே விபி44-க்குத்தான் போகும்.

வடபனி
ஆல்பெர்ட்டாவிலிருந்து எழுதுறன். இதே இஞ்சின்தான் இங்கேயும் நிறைய ஓடுது. குளிர் நாட்டுக் கதை ரெண்டு மூண்டு சேர்த்துவிடுறன்.

கேஜ் எல்லாம் பூட்டி முடிஞ்சதும் முதல்நாள் இரவு வாகனத்தை வெளியில விடுங்கோ, இஞ்சினைச் சூடாக்கி வைக்கிற புளொக் ஹீற்றர் போடாமல். காலையில இஞ்சினைத் தொடக்காமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கோ. வெப்பம் காட்டுற எல்லாம் வெளி வெப்பத்தோட ஒத்துவர வேணும். ஒண்டு மட்டும் விலகி நிண்டால் அந்த சென்டரோ எர்த்தோ பிழை. எக்ஸோஸ்ற் கேஜ் அந்தளவு கீழே காட்டாது எண்டால் புரோபைக் கொதிக்கிற தண்ணியில வைச்சுப் பாருங்கோ. கடல்மட்டத்தில 212 பரனைற், உயரமான ஊரில கொஞ்சம் குறையும்.

குளிரில தொடக்கின கையோட வோல்ற்மீற்றர் விழுந்து எழும்பி விழுந்து எழும்பும். இஞ்சினுக்குள்ள போற காத்தைச் சூடாக்குற கிறிட் ஹீற்றர் விட்டுவிட்டு வேலை செய்யுது, அவ்வளவுதான். அதுக்காக ஓல்ற்றனேற்றரை மாத்திப்போடாதேங்கோ. ஆனால் எரிபொருள் அழுத்தம் ஓடத் தொடங்கி சில நிமிசத்தில மெல்ல மெல்ல இறங்கினால் அது டீசல் உறைஞ்சு பில்ற்றரில மெழுகு கட்டுறது. இஞ்சின் நிக்க முந்தியே கேஜ் சொல்லிப்போடும்.

47ஆர்இ பற்றி: சென்டரை பான்ல (கியர்பொக்ஸின்ர அடித்தட்டில) வைச்சால் மெதுவா ஏறும், மெதுவா இறங்கும், எண்ணெயின்ர மொத்த நிலை தெரியும். கூலருக்குப் போற சூட்டுக் குழாயில வைச்சால் உடனுக்குடன் துள்ளும். ஒண்டுதான் எண்டால் பான். 200 பரனைற்றுக்குள்ள இருந்தால் நல்லது, 225 வந்தால் ஓரங்கட்ட வேணும். ஓரங்கட்டினதும் பார்க்கில போட்டுவிட்டு ஐடிலில விடுறது எல்லாரும் விடுற பிழை. இந்தக் கியர்பொக்ஸ் பார்க்கில கூலருக்கு எண்ணெய் அனுப்பாது. பாருங்கோ, முள் இறங்கவே இறங்காது. ஹான்ட் பிறேக்கை இறுக்கி, வீலுக்குக் கட்டை வைச்சு, நியூட்ரலில போட்டு ஆர்பிஎம்மை 1,200-க்கு ஏத்திப் பிடியுங்கோ. அப்பதான் இறங்கும்.

ஆறுலிட்டர்
வடபனி சொன்ன நியூட்ரல் விஷயத்தை எல்லா ராம்காரரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அருமை.

மின்கம்பி
பவருக்கு: ஃப்யூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்தில் ஆட்-எ-ஃப்யூஸ் (கூடுதல் ஃப்யூஸ் செருகும் இணைப்பு), 5 ஆம்ப். மூன்று கேஜுக்கும் ஒரே எர்த் புள்ளி, பெயின்ட் சுரண்டிய உலோகத்தில். ஃபயர்வாலில் புதுத் துளை போடாமல் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட் வழியாக வயரை விடுங்கள். 2001 ராமில் ஏ பில்லரில் ஏர்பேக் இல்லை, பாட் தாராளமாக மாட்டலாம். பிற்காலத்து வண்டிகளில் அந்தப் பில்லருக்குள் திரை ஏர்பேக் மடிந்திருக்கும். அங்கே ஸ்க்ரூ ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. ஓபிடி மானிட்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு: அந்தப் போர்ட்டின் 16-வது பின் எப்போதும் உயிரோடு இருக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் பேட்டரி காலி. கழற்றி வையுங்கள்.

பீடபூமி
மூன்றும் மாட்டியாயிற்று. எக்ஸாஸ்ட், டிரான்ஸ்மிஷன் இரண்டும் நீங்கள் சொன்ன எல்லைக்குள். எரிபொருள் அழுத்தம்: ஐடிலில் 12, 60 மைலில் 9, டிரெய்லர் இல்லாமலேயே முழு பெடலில் 4. ஊசி வால்வு சரியாகத்தான் இருக்கிறது.

இரும்புத்தடம்
டிரெய்லரைத் தொடாதீர்கள். இன்றைக்கு ஃபில்டரை மாற்றுங்கள். அதே 4 வந்தால் அளக்கும் இடத்தை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மறுபடி ஒரு முழு பெடல். முன்னால் 10, பின்னால் 4 என்றால் தடை ஃபில்டர் உட்காரும் கூட்டில். முன்னாலும் 4 என்றால் லிஃப்ட் பம்ப், அல்லது டாங்கிலிருந்து வரும் குழாய். இஞ்சினை ஓடவிடாமல் சாவியை ஒரு தட்டு தட்டி ஸ்டார்ட்டரை மட்டும் அசைத்தால் லிஃப்ட் பம்ப் சுமார் 25 விநாடி தனியாக ஓடும். அப்போது பம்பின் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரிக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தும் அழுத்தம் இல்லை என்றால் வயர் குற்றமில்லை.

பீடபூமி
புது ஃபில்டர். முன்னால் அளந்தாலும் 4தான். பிளக்கில் 12.3 வோல்ட். டாங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன், கசிவோ மடிப்போ இல்லை.

இரும்புத்தடம்
பம்ப்தான். அதே இடத்தில் அதே மாதிரி பம்பை மறுபடி மாட்டினால் அதே கதை திரும்பும். டாங்குக்கு அருகே ஃபிரேமில் உட்கார்ந்து முன்னோக்கித் தள்ளும் பம்ப் வாங்குங்கள், ஃபாஸ் அல்லது ஏர்டாக் பிராண்ட். 15 முதல் 18 பிஎஸ்ஐ-க்கு செட் செய்தது போதும். 20-ஐத் தாண்டினால் விபி44-ன் முன் சீல் ஆபத்து. புதுப் பம்புக்கு மின்சாரத்தைப் பழைய பிளக்கிலிருந்து நேராக எடுக்காதீர்கள். அந்த சர்க்யூட்டை இஞ்சின் கணினியே ஓட்டுகிறது, பெரிய பம்பின் ஆம்பியரை அது தாங்காது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு ரிலே, ரிலேயை எழுப்ப மட்டும் பழைய பிளக். மாட்டியதும் ஐடிலில் ஒரு எண், முழு பெடலில் ஒரு எண் எடுத்து இங்கே போடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி 3-க்கு மேல் போனால் நெரிசல் பழைய பாஞ்சோ போல்ட்களில் இருக்கிறது, அவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம்.